வளையம் வந்தாச்சு

எங்கள் பட்டறையின் இடது பக்கச் சுவரில் ஒரு கம்பி கட்டியிருக்கிறேன். அதில் செத்துப்போன ஆயில் ஃபில்டர்கள் வரிசையாகத் தொங்கும். நசுங்கினது, துருப்பிடித்தது, உள்ளே தாராக இறுகினது, தொட்டால் உதிர்ந்து கொட்டுவது என்று முப்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளை பெயின்ட் பேனாவால் அதன் சொந்தக்காரர் செய்த தப்பை எழுதியிருப்பேன். "இரண்டு வருடம் மாற்றவே இல்லை." "மலிவு என்று வாங்கியது." "ஆயிலை மாற்றினார், ஃபில்டரை மறந்தார்." பெயர் போட மாட்டேன். ஆனால் தப்பு செய்தவர் வந்து நின்றால் அவர் கண் தானாக அங்கே போகும். அதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷம். இப்படி ஒரு சந்தோஷத்தை வைத்திருந்தவன்தான் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை எல்லோரும் ஆயில் டாக்டர் என்பார்கள். அந்தப் பெயரை நானே பரப்பினேன் என்று என் அக்கா சொல்வாள். வண்டி வந்து நின்றதும் முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவுவேன். துடைப்பேன், மறுபடி விட்டு எடுப்பேன். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டை வைத்துத் தேய்ப்பேன். வழுக்கினால் நல்லது, நறநறவென்றால் ஃபில்டர் வேலை செய்யவில்லை. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு வண்டிக்காரர் பக்கம் திரும்பி, "இதை ஆயில்னு சொன்னா ஆயிலுக்கே கோபம் வரும் சார்" என்பேன். பட்டறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வண்டிக்காரர் தலையைக் குனிவார்.

மீட்டரில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கைப் பற்றி ஒரு வசனம் தனியாக உண்டு. "ஆயில் லைட் எரியுதுன்னா எச்சரிக்கைன்னு நினைக்காதீங்க. அது சாவுச் செய்தி. எரிஞ்ச நொடியே நிறுத்தினாலும் பாதி நேரம் காரியம் கைமீறிப் போயிருக்கும்." இதை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். இதை நினைவில் வையுங்கள். பின்னால் என்னை அடிக்க உதவும்.

பட்டறையில் என்னோடு இருபது வருடமாக இருப்பவர் கண்ணாடிக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழிக்குள் இறங்கிவிட்டால் கையே கண்ணாக வேலை செய்வார். ஆனால் ஒரு விஷயம் கையால் பிடிபடாது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கறுப்பு இரும்பில் கறுப்பு ரப்பர், மேலே எண்ணெய்ப் பூச்சு. குழியின் இருட்டில் நல்ல கண்ணுக்கே தெரியாது. அது தெரியாமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்காரும். முதலில் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம்கூட ஒழுங்காக ஓடும். அழுத்தம் ஏறுகிற ஒரு நாளில் மேல் வளையம் பிதுங்கி வெளியே வரும். ஒரு நிமிடத்துக்குள் மொத்த ஆயிலும் ரோட்டில்.

அதற்காக நானே ஒரு சட்டம் போட்டேன். கண்ணாடிக்காரர் குழியிலிருந்து பழைய ஃபில்டரை மேலே நீட்டுவார். நான் வாங்கி, கவிழ்த்து, வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் கீழிருந்து, "வளையம்?" என்பார். நான் பார்த்துவிட்டு, "வந்தாச்சு" என்பேன். அந்தச் சொல் காதில் விழாமல் அவர் புது ஃபில்டரைத் தொடமாட்டார். மேலே என் கண், கீழே அவர் கை. அப்படி ஓடிய பட்டறை இது.

என் அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினோரு வருடம், ஒரே சின்ன வெள்ளைக் கார். அவள் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. அந்த பெடலைவிட அவள் குரலுக்குத்தான் மாணவிகள் பயப்படுவார்கள். "கண்ணு எங்க இருக்கு?" என்பாள். ரோட்டில், கண்ணாடியில், மீட்டரில், மறுபடி ரோட்டில். இந்தச் சுற்று நிற்கவே கூடாது. அத்தானிடம் பேசும்போதும் அவள் கண் அப்படித்தான் சுற்றும். "உங்க அக்கா கூட நான் குடும்பம் நடத்தல மச்சான், லைசென்ஸ் டெஸ்ட் எழுதிட்டிருக்கேன்" என்பார் அத்தான்.

ஒவ்வொரு புது வகுப்பையும் அவள் ஒரு நாள் என் பட்டறைக்குக் கூட்டி வருவாள். நான் டிப் ஸ்டிக்கோடு நின்று வசனம் பேசுவேன். சுவரைக் காட்டுவேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்குக் குறையே இருந்ததில்லை.

அக்கா வண்டிக்கு ஆயில் மாற்றிய அன்று ஒரு வங்கி மேலாளர் தன் வண்டியோடு வந்திருந்தார். நான் அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரர் குழியிலிருந்து அக்கா வண்டியின் பழைய ஃபில்டரை நீட்டினார். வாங்கினேன். அதையே உதாரணமாக மேலாளர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாருங்க சார், ஒழுங்கா பராமரிக்கிறவங்க ஃபில்டர் எப்படி இருக்குன்னு. இது எங்க அக்கா வண்டி" என்றேன். கீழிருந்து, "வளையம்?" என்று குரல் வந்தது.

"வந்தாச்சு" என்றேன்.

நான் பார்க்கவில்லை. கையிலேயே இருந்தது, கவிழ்த்தால் போதும், பார்க்கவில்லை. மேலாளர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று வந்து விழுந்த சொல். மாட்டின பிறகு என்ஜினை ஓடவிட்டு, அடியில் சொட்டுகிறதா என்று இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். அதையும் பார்த்தோம். ஒரு சொட்டுகூட இல்லை.

ஆறாம் நாள் அக்கா வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடிப்பக்கம் முழுக்க ஆயில் வழிந்திருந்தது. சாவியைத் திருப்பினால் கொசுவின் சத்தம்கூட இல்லை, என்ஜின் இறுகிப் போயிருந்தது. அக்காவும், ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பல் டாக்டரம்மாவும், தகவல் கேட்டு ஓடிவந்த அத்தானும் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

"பெரிய பாலத்துல ஏறிட்டிருந்தோம்" என்றாள் அக்கா. "லைட் எரிஞ்சுச்சு. நான் பார்த்தேன். பார்த்த உடனே பிரேக்கை மிதிச்சு, கையை நீட்டி சாவியை ஆஃப் பண்ணிட்டேன். அதுக்குள்ள டக் டக்குனு தட்டுற சத்தம் வந்துடுச்சு."

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"உடனேன்னா எத்தனை நிமிஷம்க்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நிமிஷம் என்னடா நிமிஷம்? உடனே."

"எல்லாரும் உடனேன்னுதான் சொல்வாங்க" என்றேன், வண்டிக்காரர்களிடம் சிரிக்கிற அதே சிரிப்போடு. அத்தான் சிரித்தார். அக்கா பல் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அந்தம்மா, "நான் ரோட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன் மேடம். எப்ப எரிஞ்சதுன்னு எனக்குத் தெரியலையே" என்றார். பாவம், ரோட்டைப் பார் என்று கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

அதுவரை நான் செய்தது தப்புதான், பாவமில்லை. எனக்குக் காரணம் தெரியாது. மறுநாள் காலை, கண்ணாடிக்காரர் வருவதற்கு முன் நானே குழிக்குள் இறங்கி ஃபில்டரைத் திருகினேன். கழன்று வந்தது. அதன் வாயில் புது வளையம் ஒரு பக்கம் பிதுங்கி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. டார்ச்சை என்ஜின் பக்கம் அடித்தேன். பழைய வளையம் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது, ஆறு நாளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததைப் போல.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். 'வந்தாச்சு' என்று நான் சொன்ன குரல் அப்படியே காதில் கேட்டது. காது மடல் எரிந்தது. தனியாகத்தான் இருந்தேன், ஆனாலும் யார் முகத்தையும் பார்க்க முடியாதவனைப் போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கண்ணாடிக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. ஸ்க்ரூடிரைவரால் பழைய வளையத்தை நெம்பி எடுத்து சட்டைப் பைக்குள் போட்டேன். பிதுங்கினதை உள்ளே தள்ளி ஃபில்டரைத் துணியில் சுற்றினேன். கை யோசிக்கவே இல்லை. திருட்டுக் கைக்கு யார் கற்றுக்கொடுக்க வேண்டும்?

"என்ன தம்பி, காரணம் தெரிஞ்சுதா?" என்று மேலிருந்து கேட்டார்.

"அடியில ஏதோ பட்டு ஆயில் ஒழுகியிருக்குண்ணே" என்றேன்.

மத்தியானம் அக்காவிடமும் அத்தானிடமும் அதையே சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். "அடிபடுறது யாருக்கும் நடக்கும்க்கா. லைட் எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா என்ஜின் பிழைச்சிருக்கும். அவ்வளவுதான்." நூறு பேரிடம் வேறுமாதிரி சொன்ன அதே வாய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்கா மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். சண்டை போட்டால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் குனிந்து வண்டியின் மீட்டரைப் பார்த்தாள். பிறகு, "நான் பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். முதல் நாள் 'பார்த்தேன்' என்றவள் இரண்டாம் நாள் 'நினைக்கிறேன்' என்றாள். எனக்கு அந்த வித்தியாசம் அப்போதே கேட்டது.

"சுவர்ல மாட்டுறேல்ல எல்லாரோட ஃபில்டரையும்? என்னோடதையும் மாட்டு" என்றாள்.

"எதுக்குக்கா அதெல்லாம்" என்றேன்.

"ஊரான் தப்புன்னா சுவர்ல, சொந்தக்காரி தப்புன்னா குப்பையிலயா? கொண்டா" என்று கையை நீட்டினாள். நான் திரும்பி நின்று, பிதுங்கியிருந்த புது வளையத்தையும் பிடுங்கிவிட்டு ஃபில்டரைக் கொடுத்தேன். பெயின்ட் பேனாவை எடுத்து, தன் குண்டு குண்டான எழுத்தில் "விளக்கைப் பார்க்கவில்லை" என்று அவளே எழுதினாள். அவளே கம்பியில் மாட்டினாள்.

இருபது நாள் இரவு பகல் பார்க்காமல் அந்த என்ஜினைப் பிரித்துக் கட்டினேன். பேரிங் எல்லாம் புதிது. என் கையாலேயே செய்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. பிராயச்சித்தம் செய்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தவர்கள், "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். அத்தான் என் தோளைத் தட்டினார். அக்கா ஒரு சட்டை வாங்கி வந்து கொடுத்தாள். சாம்பல் நிறம், இரண்டு பை வைத்தது. "உனக்குப் பை நிறைய வேணும்ல, நட்டு போல்ட்டெல்லாம் போட்டுக்க" என்றாள். வளையம் அந்த நேரத்தில் என் மேசை டிராயரில், ஒரு பழைய மாத்திரை டப்பாவில் இருந்தது. சட்டையை வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு யோக்கியதை வேண்டுமே.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். அவள் வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போது இருக்கும் தைரியம், அவள் "வாடா, சாப்பிட்டியா?" என்று கேட்டதும் போய்விடும். நாள் ஆக ஆகச் சொல்ல வேண்டியது இரண்டாயிற்று. முதலில் 'நான் பார்க்கவில்லை' என்று மட்டும் சொன்னால் போதுமாயிருந்தது. இப்போது 'இத்தனை நாள் மறைத்தேன்' என்றும் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அந்தச் சோற்றையும் தினமும் தின்ன வேண்டியிருக்கிறது.

இதற்குள் அக்கா மாறிக்கொண்டிருந்தாள். அத்தான்தான் சொன்னார். "வண்டியில உட்கார்ந்தா அந்த லைட்டையே பார்க்கிறா மச்சான். என்கிட்ட பேசிட்டே இருப்பா, திடீர்னு குனிஞ்சு மீட்டரைப் பார்ப்பா. எரியாத விளக்கை எத்தனை தடவைதான் பார்ப்பா?" கண் சுற்று நின்றுவிட்டது. ரோடு, கண்ணாடி, மீட்டர் என்று சுற்றிய கண் மீட்டரிலேயே மாட்டிக்கொண்டது.

நாலாவது மாதம் ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது, அவள் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். மாணவி அலறினாள். அக்கா பெடலை மிதித்தாள். சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றே அக்கா முடிவு செய்துவிட்டாள். இப்போது இருக்கும் நாலு பேர் வகுப்பு முடிந்ததும் நிறுத்திவிடுவது.

நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எதுக்குக்கா நிறுத்தணும்?"

"என் கண்ணை நம்பி நாலு பேர் ஸ்டியரிங் பிடிக்கிறாங்கடா. எனக்கே அது மேல நம்பிக்கை இல்ல. அப்புறம் எப்படி?" என்றாள். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், அழவெல்லாம் இல்லை. நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. மென்று விழுங்கிக்கொண்டு வந்தேன். இந்தக் கதையில் நான் மிகவும் வெட்கப்படுவது பார்க்காமல் சொன்ன அந்த நொடிக்காக அல்ல, அந்தச் சமையலறையில் நின்ற பத்து நிமிடத்துக்காகத்தான்.

அடுத்த வாரம் அக்கா தன் கடைசி வகுப்பைப் பட்டறைக்குக் கூட்டி வந்தாள். நாலு பெண்கள். அதில் ஒருவர் பல் டாக்டரம்மா. பாலத்தில் பயந்தவர் விடாமல் திரும்பி வந்திருந்தார். நான் அக்கா கொடுத்த சாம்பல் சட்டையைப் போட்டிருந்தேன். வேண்டுமென்று போடவில்லை, துவைத்ததில் மேலே இருந்தது.

என்னைப் பேசவிடாமல் அக்காவே பாடம் எடுத்தாள். "வண்டி சமதளத்துல நிக்கணும். என்ஜினை நிறுத்தி அஞ்சு நிமிஷம் விடணும், ஆயில் கீழ இறங்கட்டும். கம்பியை எடு, துடை, மறுபடி விடு, அப்புறம்தான் பாரு. முதல் தடவை பார்க்கிறது கணக்கே இல்ல." டிப் ஸ்டிக்கை ஆளுக்கு ஒரு முறை எடுக்கச் சொன்னாள். விரலில் தேய்க்கச் சொன்னாள். "ஆயில் மாத்தும்போதெல்லாம் ஃபில்டரும் மாத்தணும். குளிச்சிட்டு அழுக்குச் சட்டையைப் போட்டுக்கிற மாதிரி ஆயிடக் கூடாது." பெண்கள் சிரித்தார்கள். என் வசனங்களைவிட நன்றாகத்தான் இருந்தது.

பிறகு சுவர்ப் பக்கம் போனாள். கம்பியிலிருந்து ஒரு ஃபில்டரைக் கழற்றினாள். அவளுடையது.

"இது என்னோடது" என்றாள்.  "லைட் எரிஞ்சுச்சு. நான் பார்க்கல. பதினோரு வருஷமா கண்ணு எங்க, கண்ணு எங்கன்னு உங்களை மாதிரி எத்தனை பேர்கிட்ட கத்தியிருப்பேன். என் கண்ணு எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. கேட்டப்போ, உடனே பார்த்தேன்னு சொன்னேன். பொய். பயத்துல வந்த பொய். தப்பு பண்ணா ஒத்துக்கங்க. நான் ஒத்துக்க நாலு மாசம் ஆச்சு."

பல் டாக்டரம்மா தரையைப் பார்த்தார். என் அக்கா தான் அன்று சொன்ன உண்மையைப் பொய் என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டிருந்தாள். அதைப் பொய்யாக்கினவன் பக்கத்தில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றேன். கை துடைத்த துணியைக் கீழே போட்டேன். "அது பொய்யில்லக்கா."

எல்லோரும் திரும்பினார்கள். நான் மேசைக்குப் போய் டிராயரைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்து வந்தேன். வளையத்தை அக்கா கையில் இருந்த ஃபில்டரின் மேல் வைத்தேன்.

"உன் வண்டியில ரெண்டு வளையம் இருந்துச்சு. பழசு ஒட்டியிருக்க, அது மேலயே புதுசு. அதான் பிதுங்கி ஆயில் போயிடுச்சு. அடியில எதுவும் படல. பட்டறையில ஒரு தப்பு நடந்துடுச்சுக்கா."

அப்போதுகூட 'பட்டறையில' என்றுதான் சொன்னேன். கவனித்தீர்களா? குழியின் ஓரத்தில் கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். அவர் மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என் கண்ணுதாம்மா" என்றார் அக்காவிடம். "இருட்டுல எனக்குத் தெரிஞ்சிருக்காது. கண்ணு மங்கின அன்னிக்கே நான் வேலையை விட்டிருக்கணும். மன்னிச்சிடுங்க."

இருபது வருடம் என் சொல்லை நம்பியே வேலை செய்தவர். பழியை ஏற்க ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான் மட்டும் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அவர் தலையில் இறங்கிவிடும். இறங்கட்டும் என்று எனக்குள் ஒருவன் நினைத்தான். அவனையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"இல்லண்ணே" என்றேன். "நீங்க கேட்டீங்க. வளையமான்னு கேட்டீங்க. நான்தான் வந்தாச்சுன்னு சொன்னேன். கையில ஃபில்டர் இருந்துச்சு. கவிழ்த்துப் பார்க்கல. பார்க்காமலே சொன்னேன். வண்டியை இழுத்துட்டு வந்த மறுநாள் காலையிலயே எனக்குத் தெரியும். நீங்க வர்றதுக்குள்ள எடுத்து ஒளிச்சு வச்சேன்." பிறகு அக்காவைப் பார்க்காமல் சொன்னேன். "நீ உடனேதான் நிறுத்தின. நான்தான் எத்தனை நிமிஷம்னு கேட்டேன்."

 கழுவி வைத்த ஸ்பேனர் ஒன்று மேசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்து அந்தச் சாம்பல் சட்டை முதுகில் ஒட்டியது. கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் அடித்திருக்கிறாள். அந்த அடி கிடைத்தால் போதும் போலிருந்தது.

"அப்ப நான் பார்த்தேன்" என்றாள் அக்கா. கேள்வி மாதிரி இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

"பார்த்தக்கா."

"என்ஜின் போனா போகட்டும்டா. அது இரும்பு." குரல் உயரவே இல்லை. "நான் என் ரெண்டு கண்ணால பார்த்ததை, பார்க்கலன்னு என்னையே நம்ப வச்சிட்டியேடா. தூக்கத்துல எத்தனை நாள் அந்தப் பாலத்துல ஏறியிருக்கேன் தெரியுமா? எரிஞ்சுச்சா, எப்ப எரிஞ்சுச்சுன்னு. உன் மேசை டிராயருக்குள்ள இருந்திருக்கு பதில்."

 ஆயில் டாக்டர் வாயடைத்து நின்றதை அந்த நாலு பெண்களும் பார்த்தார்கள்.

அக்கா கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, பெயின்ட் அழிக்கிற தின்னர் இருக்கா?" என்னைக் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துணியில் தின்னர் நனைத்துக் கொடுத்தார். அக்கா ஃபில்டரின் மேலிருந்த தன் எழுத்தைத் தேய்த்தாள். வெள்ளை கரைந்து வழிந்து போயிற்று. வெறும் ஃபில்டரைக் கம்பியில் மாட்டி, அந்தப் பழைய வளையத்தையும் அதன் கழுத்தில் போட்டாள். பேனாவை என் பக்கம் மேசையில் உருட்டிவிட்டாள்.

"கேட்டீங்கல்ல?" என்றாள் தன் மாணவிகளிடம். "நான் முன்னாடி சொன்னது உண்மை. பொய்னு சொன்னதுதான் தப்பு. ஏறுங்க வண்டியில. பாலத்துக்குப் போறோம்." பல் டாக்டரம்மாதான் முதலில் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டும்போது அக்காவின் குரல் கேட்டது. "கண்ணு எங்க இருக்கு?"

அன்றே நான் எழுதினேன். "பார்க்காமல் வந்தாச்சு என்றவன்." அதன் கீழ் 'ஆயில் டாக்டர்' என்று கையெழுத்தும் போட்டேன். அந்தக் கம்பியில் பெயர் இருப்பது அது ஒன்றில்தான். அத்தான் மறுநாள் வந்து படித்துவிட்டு, முதல் தடவையாக என்னிடம் ஒரு கேலியும் பேசாமல் திரும்பிப் போனார்.

அக்கா வகுப்பை நிறுத்தவில்லை. என் வீட்டு விசேஷங்களுக்கு வந்தாள், என் பிள்ளைகளைக் கொஞ்சினாள். என்னிடம் கேட்டதற்குப் பதில் சொன்னாள். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பதில்லை. ஆயில் மாற்றும் நாள் நெருங்கியபோது வேறு பட்டறைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

வந்தாள். வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, இறங்கி, என் பக்கத்திலேயே வந்து நின்றாள். கண்ணாடிக்காரர் கீழே இறங்கினார். பழைய ஆயில் கொட்டி முடிந்தது. ஃபில்டர் கழன்றது. அவர் கை மேலே நீண்டது. நான் வாங்கக் கையை நீட்டினேன். அதற்கு முன் அக்கா வாங்கிவிட்டாள்.

"வளையம்?" என்றது கீழிருந்து வந்த குரல்.

எனக்கு வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். அக்கா ஃபில்டரைக் கவிழ்த்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விரலை வளையத்தின் மேல் ஒரு முழுச் சுற்று ஓட்டினாள். பிறகு திரும்பி வந்து, குழிக்குள் குனிந்து டார்ச்சை அடித்து என்ஜின் பக்கத்தையும் பார்த்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்கிறீர்கள்? பத்து நொடி. அவ்வளவுதான் ஆகும்.

"வந்தாச்சு அண்ணே" என்றாள்.

கண்ணாடிக்காரர் புது ஃபில்டரின் வாயில் ஆயிலைத் தடவி மாட்டத் தொடங்கினார். அக்கா பழையதை என் கையில் கொடுத்துவிட்டு, ஆயில் பட்ட விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள். நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். வளையம் இருந்தது.